பிழை விழுந்த வரியில் காஸ்டே இல்லை

எங்கள் மென்பொருளின் ஒரு பகுதி, 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸை, அதாவது லிஸ்டில் எந்த வகை உறுப்புகள் இருக்கும் என்று குறிப்பிடும் வசதியை, கொண்டுவருவதற்கு முன்பே எழுதப்பட்டது. அங்கிருந்து வகை குறிப்பிடாத வெறும் லிஸ்ட்தான் வரும். அதை ஸ்டிரிங் (எழுத்துச்சரம்) லிஸ்டாக காஸ்ட் செய்தேன், அதாவது ‘இது இந்த வகைதான்’ என்று கம்பைலரிடம் சொன்னேன். ‘அன்செக்டு காஸ்ட்’ (சோதிக்கப்படாத காஸ்ட்) என்று கம்பைலர் எச்சரித்தது. உள்ளே இருப்பவை ஸ்டிரிங்குகள்தான் என்று நம்பி, கிளாஸின் தலையிலேயே, எச்சரிக்கையை அடக்கும் குறிப்பான சப்ரஸ்வார்னிங்ஸைப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்காகப் போட்டது, அந்த கிளாஸில் பிறகு எழுந்த இத்தகைய எச்சரிக்கைகள் எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து வகை பொருந்தாதபோது எழும் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் என்ற பிழை வந்தது: இன்டிஜரை (முழு எண்ணை) ஸ்டிரிங்காகக் கொள்ள முடியாதாம். பிழை காட்டிய இடமோ வேறொரு கோப்பில் இருந்த சாதாரண ஃபார் லூப். ஒரு பகல் முழுவதும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இரேஷர்: கம்பைல் ஆகும்போது உறுப்பு வகை பற்றிய குறிப்பு அழிக்கப்படுவது. நிரல் ஓடும்போது ஸ்டிரிங் லிஸ்டும் இன்டிஜர் லிஸ்டும் வெறும் லிஸ்ட்தான். ஆகவே நான் எழுதிய காஸ்ட், ‘இது லிஸ்டா?’ என்பதற்கு மேல் எதையும் சோதிக்கவில்லை. உண்மையான சோதனையை, உறுப்பை வெளியே எடுக்கும் இடத்தில் கம்பைலர் தானாகச் செருகுகிறது. குற்றம் ஓரிடத்தில், கூக்குரல் வேறிடத்தில்.

தவறான உறுப்பை உள்ளே போட்டது யார்? அதைக் காட்டிக்கொடுத்தது கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள செக்டுலிஸ்ட், லிஸ்டைச் சுற்றி நின்று, சேர்க்கும்போதே வகையைச் சோதிக்கும் உறை. லிஸ்டை உருவாக்கும் இடத்திலேயே அதைச் சுற்றினேன்; அடுத்த ஓட்டத்தில், இன்டிஜரைச் சேர்த்த வரியிலேயே பிழை வெடித்தது. லிஸ்ட் காலியாக இருக்கும்போதே சுற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றை அது சோதிப்பதில்லை. அதன் வழியாக நுழைபவற்றை மட்டுமே சோதிக்கிறது.

பிறகு கிளாஸ் மேலிருந்த சப்ரஸ்வார்னிங்ஸை நீக்கி, எச்சரிக்கைகளை விரிவாகக் காட்டச் சொல்லும் எக்ஸ்லின்ட் தேர்வுடன் கம்பைல் செய்து, எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் லிஸ்டுகளை காஸ்ட் செய்வதையே விட்டேன். ஒவ்வோர் உறுப்பையும், அதன் வகையைக் குறிக்கும் கிளாஸ் பொருளின் காஸ்ட் மெத்தடால் சோதித்துப் புதிய லிஸ்டில் சேர்க்கிறேன். ஒருமுறை முழுவதையும் கடந்துவர வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஒரு பகலை நினைத்தால் இது பெரிய விலையே அல்ல. மேப்புக்குள் லிஸ்ட் இருந்தால் உள் லிஸ்டையும் தனியே கடக்க வேண்டும், ஏனெனில் ‘ஸ்டிரிங் லிஸ்ட்’ என்பதற்கென்று தனி கிளாஸ் பொருள் கிடையாது.

நியாயமான அன்செக்டு காஸ்டும் உண்டு. எங்கள் ஸ்டாக் கிளாஸ் உள்ளே, எந்த வகைப் பொருளையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் அரே வைத்திருக்கிறது. அது பிரைவேட், உறுப்பைச் சேர்க்கும் புஷ் மெத்தட் தவிர வேறெதுவும் அதில் உறுப்புகளை எழுதுவதில்லை. அதனால் உறுப்பை வெளியே எடுக்கும் பாப்பில் உள்ள காஸ்ட் பாதுகாப்பானது. ஜாவாவின் திறந்த மூலச் செயலாக்கமான ஓப்பன்ஜேடிகேயின் அரேலிஸ்டும், ஆப்ஜெக்ட் அரேயில் வைத்து எடுக்கும்போது காஸ்ட் செய்கிறது. ரிட்டர்ன் வரியின் மேல் சப்ரஸ்வார்னிங்ஸ் போட முடியாது என்பதால், ஒரு லோக்கல் வேரியபிள் அறிவித்து அதன் மேல் மட்டும் போட்டேன். ஏன் பாதுகாப்பு என்பதை அதன் மேலேயே ஒரு வாக்கியத்தில் எழுதினேன்.

ஓரிடத்தில் அந்த வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. அங்கே காஸ்டை எடுத்துவிட்டு, உறுப்புகளைச் சோதித்து நகலெடுக்கும் லூப்பை வைத்தேன்.