நிறத்துக்கு முன் ஒளி

ஒரு புகைப்படம் மங்கலாகத் தெரிந்தவுடன், திருத்தும் மென்பொருளில் நிறச்செறிவைக் கூட்டும் சாச்சுரேஷன் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில், நிறம் போதவில்லை என்று தோன்றும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறத்தில் குறை இருப்பதில்லை. வெளிச்சமும் நிழலும் சரியாகப் பிரியாமல் இருப்பதுதான் குறை. எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்தால் இது உடனே விளங்கும். 0 (கருமை) முதல் 255 (வெண்மை) வரை விரிந்திருக்க வேண்டிய வரைபடம் நடுவில் குவிந்து, இரு ஓரங்களும் வெறுமையாக இருந்தால், அந்தப் படத்தில் உண்மையான கருமையும் இல்லை, உண்மையான வெண்மையும் இல்லை என்று பொருள். மூடுபனிக் காட்சி போன்றவற்றுக்கு அதுவே அழகு. மற்றவற்றில் இரு முனைகளையும் நகர்த்தி, ஒரு கோட்டை வளைத்து வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸ் கருவியில் மெல்லிய எஸ் வடிவ வளைவு ஒன்றைக் கொடுத்தாலே போதும், நிறங்கள் தாமாகவே எழுந்து வரும்.

இதற்குக் காரணம் எளிய கணக்குதான். சிவப்பு 150, பச்சை 120, நீலம் 100 என்ற மதிப்புகளைக் கொண்ட ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். எஸ் வளைவு, நடுமதிப்புக்கு மேலே உள்ள சிவப்பை 160-க்கு உயர்த்தி, கீழே உள்ள நீலத்தை 90-க்குத் தாழ்த்தினால், இரண்டுக்கும் இடையே 50 ஆக இருந்த இடைவெளி 70 ஆகிறது. நிறச்செறிவு என்பது இந்த இடைவெளிதான். ஆகவே, முதலில் சாச்சுரேஷனைக் கூட்டிவிட்டுப் பிறகு எஸ் வளைவால் கான்ட்ராஸ்டைக் (வெளிச்ச-நிழல் வேறுபாட்டை) கூட்டுகிறவர், தம்மை அறியாமல் நிறத்தை இருமுறை ஏற்றிவிடுகிறார்.

இவை இரண்டுக்கும் முன்னால் முடிக்க வேண்டியது ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறச்சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது. இங்கே கண்ணை மட்டும் நம்ப முடியாது. மஞ்சள் பாரித்த ஒரு படத்தைச் சில நிமிடங்கள் உற்றுப் பார்த்தால், மூளை அந்த மஞ்சளையே இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிடும். தொட்ட இடத்தை நிறச்சாயல் இல்லாததாகக் கொண்டு படத்தைத் திருத்தும் ஐட்ராப்பரைப் பயன்படுத்துகிறவர்கள் வெள்ளைச் சட்டையையோ தாளையோ தொடுவதைவிட, நடுத்தரச் சாம்பல் நிறப் பொருளைத் தேடுவது நல்லது. சலவைத்தூளிலும் தாளிலும் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக உமிழ்வதால், அந்த வெள்ளையை அளவுகோலாகக் கொண்டால் படம் முழுவதும் மஞ்சளை நோக்கிச் சாய்ந்துவிடும். ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் எண்ணும் தொடக்கத்தில் பலரைக் குழப்பும். நிழற்பகுதியின் ஒளி 7000 கெல்வினுக்கு மேல், நீலம் கலந்தது. ஆனால் ஸ்லைடரை அந்த எண்ணுக்கு நகர்த்தினால் படம் மஞ்சளாகிறது. படம்பிடித்தபோது இருந்த ஒளி நீலமானது என்று மென்பொருளுக்கு நாம் சொல்கிறோம், அது அந்த நீலத்தை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

கேமரா சென்சாரின் பதிவை வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் இந்த மாற்றங்களால் தரம் குறைவதில்லை என்றே சொல்லலாம். 14 பிட் ரா கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலுக்கும் 16,384 வெளிச்சப் படிகள். வழக்கமான சுருக்கப்பட்ட கோப்பான ஜேபெக்கில் 256 மட்டுமே. ஜேபெக் வானத்தைச் சற்றுப் பலமாக இழுத்தால் நீலம் பட்டை பட்டையாகப் பிளப்பது அதனால்தான். லைட்ரூம், டார்க்டேபிள் என எந்த மென்பொருளானாலும் இந்த விதி மாறுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு நிறத்தைத் தொடும்போது நான் மிகவும் கவனிப்பது சிவப்பைத்தான். ஒரு சிவப்பு ரோஜாவின் படத்தில் மொத்த வெளிச்சம் சரியாகவே தெரியும். ஆனால் சிவப்புச் சேனலை மட்டும் தனியே பார்த்தால், அது 255-இல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் இதழின் நரம்புகளும் மடிப்புகளும் மறைந்து, பூ ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சிவப்பின் சாச்சுரேஷனையும் ஒளிர்வையும் மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்தால், இதழ்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியத் தொடங்கும். இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளி (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) குறுகியது என்பதால், ஏற்றுமதிக்குப் பின் படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபை இயக்கி வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறேன். ஏற்றுமதி செய்த கோப்பில் நரம்புகள் மீண்டும் அழிந்திருந்தால், சிவப்பை இன்னும் ஒரு படி குறைக்கிறேன்.