சர்க்கரை சேர்க்காத குச்சி ஐஸ்: ஒரு கோடையின் குறிப்புகள்

கோடை தொடங்கிய முதல் வாரத்திலேயே, இந்த ஆண்டு வீட்டில் உறைய வைக்கும் எந்தப் பண்டத்திலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் ஒருவர் இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்திருந்ததே அதற்குக் காரணம். சர்க்கரையை எடுத்துவிட்டால் இனிப்பு மட்டும்தான் குறையும், அந்தக் குறையைப் பழத்தைக் கொண்டு சரிக்கட்டிவிடலாம் என்பது அப்போது நான் போட்ட கணக்கு. அது தப்புக்கணக்கு என்று விளங்குவதற்குப் பத்து வாரங்களும் பதினேழு முயற்சிகளும் ஆயின. ஒவ்வொரு முறையும் எடை, நேரம், சுவை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முயற்சி தர்ப்பூசணி. நன்றாகச் சிவந்த பழத்தை விதை நீக்கி மிக்சியில் அடித்து, வடிகட்டி, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, 80 மில்லி பிடிக்கும் ஆறு அச்சுகளில் விளிம்பு வரை ஊற்றினேன். மறுநாள் காலையில் மூடிகள் அனைத்தும் மேலே தள்ளப்பட்டிருந்தன. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும் என்பது பள்ளியில் படித்ததுதான் என்றாலும், அச்சில் ஊற்றும்போது அது நினைவுக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம் வாயில் வைத்தபோது வந்தது. ஐஸ் கல்லைப் போல இறுகியிருந்தது; உறிஞ்சத் தொடங்கியதும் முதல் இரண்டு நிமிடங்களில் நிறமும் இனிப்பும் முழுவதுமாக இறங்கிவிட, குச்சியில் வெறும் வெள்ளைப் பனிக்கட்டி எஞ்சி நின்றது.

ஏன் அப்படி ஆயிற்று என்று தேடிப் படித்தபோதுதான் சர்க்கரையின் இன்னொரு முகம் தெரிந்தது. தண்ணீர் உறையும்போது தூய நீர்தான் முதலில் படிகமாகிறது. கரைந்திருக்கும் இனிப்பும் புளிப்பும் நிறமும் படிகங்களுக்குள் இடம் கிடைக்காமல் அவற்றின் இடுக்குகளில் அடர்ந்த பாகாகத் தேங்கி நிற்கின்றன. அந்தப் பாகு எளிதில் உறையாது. சர்க்கரை போதிய அளவு இருந்தால், வீட்டு ஃப்ரீசரின் வழக்கமான மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் கலவையின் ஒரு பகுதி திரவமாகவே இருக்கும். பல்லுக்கு இதமான மென்மை அந்தத் திரவத்தால் வருவதுதான். தர்ப்பூசணியில் 100 கிராமுக்கு 6 கிராம் அளவுக்கே சர்க்கரை உண்டு, மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே அது இறுகாமல் என்ன செய்யும்? நான் சர்க்கரையை நீக்கியபோது இனிப்பை மட்டும் நீக்கவில்லை, ஐஸைக் கடிக்கக்கூடியதாக வைத்திருந்த பொருளையே நீக்கியிருக்கிறேன். அதன் பிறகு செய்த முயற்சிகள் எல்லாமே, இந்த இரண்டு வேலைகளையும் வேறு யாரிடம் ஒப்படைப்பது என்ற தேடலாகவே அமைந்தன.

இரண்டாவது முயற்சியில் இனிப்பைச் சீனித்துளசி (ஸ்டீவியா) தூளிடம் ஒப்படைத்தேன். இதன் சாரம் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு வரை இனிக்கும் என்பதால் ஒரு சிட்டிகையே போதும். எலுமிச்சையும் புதினாவும் கலந்த தண்ணீரில் கரைத்துச் சுவைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. உறைந்த பிறகு, அடிநாக்கில் ஒரு கசப்பு நெடுநேரம் தங்கியது; இறுக்கமும் முன்போலவே இருந்தது. ஒரு சிட்டிகைத் தூளில் கரையும் துகள்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம் என்பதால் அது உறைநிலையைத் தாழ்த்துவதே இல்லை என்று பின்னால் புரிந்தது. கசப்புக்கு மட்டும் ஒரு சிறு வைத்தியம் கிடைத்தது: அளவைப் பாதியாகக் குறைத்து, அரைச் சிட்டிகை உப்பைச் சேர்த்தால் கசப்பு பெருமளவு அடங்குகிறது. உப்பு அதற்குமேல் போனால் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து எரித்ரிட்டால்: சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் வகையைச் சேர்ந்த, போதை தராத ஓர் இனிப்பூட்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் மூன்று வாரங்களை இது விழுங்கியது. சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் இதற்கு உண்டு. கலோரி ஏறக்குறைய இல்லை. உறைநிலையைத் தாழ்த்துவது கரைந்த பொருளின் எடையைப் பொறுத்ததன்று, அதன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எரித்ரிட்டாலின் மூலக்கூறு எடை 122, சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. ஆகவே அதே எடையைக் கரைத்தால் எரித்ரிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு வேலை செய்ய வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். தாளில் எழுதாமல் விட்டது ஒன்று: குளிர்ந்த நீரில் எரித்ரிட்டால் நன்றாகக் கரையாது. அரை லிட்டர் கலவையில் 100 கிராம் சேர்த்தபோது, சூடாக இருந்த வரைக்கும் தெளிவாக இருந்த கலவை, உறைந்த பின் மணலை மென்றது போல நறநறத்தது. அது படிகமாகப் பிரிந்து வெளியேறிவிட்டதால், மென்மைக்கு என்று நான் நம்பியிருந்த துகள்களும் கரைசலில் இல்லாமல் போயின. வாயில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் ஒரு தனிக் குளிர்ச்சியையும் அது தருகிறது. புதினா ஐஸில் அது பொருந்தியது, மாம்பழத்தில் பற்பசையை நினைவூட்டியது. அரை லிட்டருக்கு 30 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நறநறப்பு தெரிவதில்லை என்பது நான்கு முறை செய்து பார்த்துக் கண்ட அளவு.

அல்லுலோஸ் என்ற இனிப்பூட்டி இந்தக் குறை இல்லாதது, குளிரிலும் எளிதில் படிகமாகாது என்று படித்தேன். ஆனால் அது எல்லா நாடுகளிலும் உணவுப்பொருளாக அனுமதிக்கப்படவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. சைலிட்டால் என்ற இன்னோர் இனிப்பூட்டியை நானாகவே தவிர்த்தேன். சிறிதளவு உண்டாலும் நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்தானது. கீழே சிந்திய ஒவ்வொரு சொட்டையும் எங்கள் வீட்டு நாய்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

இதற்கிடையில், உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டுதலையும் படிக்க நேர்ந்தது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்துடன் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் அதன் வரம்பில் இல்லை என்றாலும், இனிப்பூட்டியின் துணையில்லாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கும் ஆசை அப்போதுதான் எழுந்தது.

எட்டாவது முயற்சியில் வாழைப்பழம் வந்தது. தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழங்களை வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நான்கு மணி நேரம் உறைய வைத்து மிக்சியில் அரைத்தேன். முதல் நிமிடத்தில் அது ரொட்டித்தூள் போல உதிர்ந்தது, ஜாரின் ஓரங்களில் ஒட்டியது, பிளேடு வெறுமனே சுற்றியது. நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு, மீண்டும் ஓட்டி, மீண்டும் வழித்து, ஐந்தாவது முறை ஓட்டியபோது உதிரியாக இருந்தது அனைத்தும் திடீரென்று ஒன்றுசேர்ந்து பளபளப்பான ஐஸ்கிரீமாக மாறியது. பால் இல்லை, சர்க்கரை இல்லை, முட்டை இல்லை, பழம் மட்டுமே. வாழைப்பழத்தில் உள்ள, கூழாக்கும் பெக்டின் என்ற பொருளும் நாரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும், பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுவதும் இதற்குக் காரணங்கள். காயாக இருக்கும் பழத்தில் செய்து பார்த்ததில் நாக்கில் துவர்ப்பே மிஞ்சியது.

இந்த இடத்தில் ஒரு நேர்மை தேவைப்படுகிறது. வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 12 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு; மாம்பழத்தில் அதற்கும் சற்று அதிகம். ஆகவே நான் செய்தது சர்க்கரை சேர்க்காத ஐஸ். சர்க்கரை இல்லாத ஐஸ் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை வேறாகவும், பிழிந்த சாற்றில் உள்ளதைச் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு ஒன்றாகவும் வைத்துப் பார்க்கிறது. அதைப் படித்த பிறகு வடிகட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, பழத்தை நாரோடு அப்படியே அடிக்கத் தொடங்கினேன். உடல்நலத்துக்காகச் செய்த இந்த மாற்றம் ஐஸின் பதத்தையும் உயர்த்தியது எதிர்பாராத லாபம்: நார் படிகங்களுக்கு இடையே புகுந்து, அவை பெரிதாக வளர்வதைத் தடுக்கிறது. வாழைப்பழ ஐஸை, வீட்டில் இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ள வேண்டியவருக்கு ஒரு சிறு கிண்ணத்துக்குமேல் நான் கொடுப்பதில்லை.

அன்னாசி தந்த பாடம் தனி. வேகவைக்காத அன்னாசியைப் பாலோடு அடித்து அச்சில் ஊற்றினேன். மறுநாள் அது கசந்தது. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதால் கசப்பு உண்டாகிறது. அடுத்த முறை பழத்தைச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கலந்தபோது கசப்பு வரவில்லை. அதே யுக்தியைத் தர்ப்பூசணியிடம் காட்டி, சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் இனிப்பு அடரும் என்று முயன்றேன்; இனிப்பு அடர்ந்தது உண்மை, ஆனால் வேகவைத்த பூசணிக்காயின் மணம் வந்து, ஆறு ஐஸ்களும் தண்டமாகின.

மென்மைக்குக் கொழுப்பு நல்ல துணை. கொழுப்பு உறைநிலையைத் தாழ்த்தாது என்றாலும், பனிப்படிகங்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பாறையாவதைக் குறுக்கே நின்று கெடுக்கிறது. கெட்டியான தேங்காய்ப்பால் 400 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி கோகோத் தூள், நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழங்கள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அடித்ததில் இந்தக் கோடையின் மிகச் சிறந்த குச்சி ஐஸ் கிடைத்தது. தயிரிலும் இதே தத்துவம்தான், ஆனால் அதைத் துணியில் கட்டி இரவு முழுவதும் தண்ணீர் வடியவிட்டால் மட்டுமே பயன் உண்டு. வடித்த தயிர் 200 கிராமும் மாம்பழக் கூழ் 300 கிராமும் சேர்ந்த கலவை, கடித்தால் பல்லில் மெல்ல இறங்கும் பதத்துக்கு வந்தது. கலவையைக் கெட்டியாக்கும் கொத்தவரைப் பிசின் தூளையும் ஒரு முறை முயன்றேன். அரை லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும் என்பதை அறியாமல் ஒரு முழுத் தேக்கரண்டி போட்டதில், உருகும்போது கோழை போல இழுபட்டது. அந்த ஆறையும் யாருக்கும் காட்டாமல் கொட்டிவிட்டேன்.

கலவை எதுவானாலும் ஒரு விதி மாறவில்லை. குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மழுங்கச் செய்வதால், அச்சில் ஊற்றும் முன் சுவைத்தால் சற்றுத் திகட்டும் அளவுக்கு இனிப்பு இருக்க வேண்டும். சரியாக இருக்கிறது என்று தோன்றிய கலவைகள் எல்லாம் உறைந்தபின் சப்பென்றே இருந்தன. இனிப்பைக் கூட்ட வழியில்லாதபோது வெனிலாவின் மணம் கைகொடுத்தது. அது இனிப்பாக இல்லாமலே இனிப்பை நினைக்கவைக்கிறது.

உறைய வைக்கும் வேகமும் சுவையைப் போலவே முக்கியம். மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாக வளரும். எனவே கலவையை முதலில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துக் குளிரவிட்டு, அதன் பிறகே ஃப்ரீசரில், பின்சுவரை ஒட்டி, அச்சுகளுக்கிடையே இடைவெளி விட்டு வைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு கலந்து, உலோக அச்சுகளை அதில் இறக்கிப் பார்த்தேன். உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை கோட்பாட்டளவில் மைனஸ் 21 டிகிரி வரை செல்லக்கூடியது. காற்றைவிட உப்புநீர் வெப்பத்தை விரைவாக எடுத்துக்கொள்வதால் முக்கால் மணி நேரத்தில் ஐஸ் தயாரானது, படிகங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாக இருந்தன. ஒரே ஓர் அச்சில் மட்டும் உப்புநீர் எட்டிப்பார்த்திருந்தது. அது எனக்கு வாய்த்தது.

அச்சிலிருந்து கழற்ற, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் பத்து நொடிகள் பிடித்தால் போதும். வெந்நீரில் பிடித்தால் மேற்பரப்பு உருகி, திரும்ப வைக்கும்போது முள்முள்ளாகப் பனி படிகிறது. ஃப்ரீசர் கதவைப் பிள்ளைகள் நாளைக்கு இருபது முறை திறந்து பார்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது: சிறு படிகங்கள் உருகி, பெரிய படிகங்களோடு சேர்ந்து மீண்டும் உறைகின்றன. பத்து நாள்களுக்கு மேல் வைத்திருந்தவை எதுவும் முதல் நாள் ருசியில் இல்லை.

தர்ப்பூசணியை நான் கைவிடவில்லை. குச்சி ஐஸாக அது தேறாது என்பதை ஏற்றுக்கொண்டு, பதினேழாவது முயற்சியில் அகன்ற தட்டில் ஊற்றி, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் தட்டு முழுவதும் சிவந்த பூப்போன்ற பனித்தூளாக நிறைந்தது. படிகங்கள் பெரியவைதான், ஆனால் தனித்தனியாக உதிர்ந்து நிற்பதால் இறுக்கம் ஒரு குறையாகத் தெரியவில்லை. எலுமிச்சைச் சாறும் இரண்டு புதினா இலைகளும் மேலே தூவிக் கிண்ணங்களில் பரிமாறினேன். எவருக்காக இத்தனையும் தொடங்கினேனோ அவர் தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்.