பேக் பட்டன் எங்க போச்சு மக்கா?

ஆண்ட்ராய்டா ஐபோனாண்ணு சண்ட போடுறவனுவ எல்லாம் கேமரா, பேட்டரி, விலைண்ணுதான் பேசுவானுவ. எனக்கு ஒரே கேள்விதான், பழகுன கை பழகுன எடத்துக்குப் போனா அந்த பட்டன் அங்க இருக்குமா இருக்காதா.

எங்க வீட்டுல அம்மைக்கு ஒரு போன், அப்பாவுக்கு அண்ணன் கத்தார்ல இருந்து கொண்டு வந்தது ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மூணும் மூணு கம்பெனி. கால் வந்தா ஒண்ணுல மேல இழுக்கணும், ஒண்ணுல பச்ச வட்டத்தப் பக்கவாட்டுல தள்ளணும், இன்னொண்ணு லாக் ஆயிருந்தா தள்ளணும், லாக் திறந்திருந்தா சும்மா தொட்டா போதும். அம்மைக்க போன் அடிக்கும்போ அப்பா ஓடிப்போயி எடுத்தா கட் ஆயிரும், உடனே அண்ணன் எனக்கு அடிச்சு "ஏன் கட் பண்ணுனாவ"ண்ணு கேப்பான். கால் எடுக்கதுதான் போனுக்க மொத வேல, அதுக்கே ஒரு பொது வழி இல்ல பாத்துக்கிடுங்க.

பேக் பட்டன் கதை இன்னும் மோசம். 2011ல ஆண்ட்ராய்டு 4.0 வந்தப்போ பேக், ஹோம், ரீசன்ட்ஸ்ண்ணு மூணு பட்டனும் ஸ்கிரீனுக்குள்ள ஏற வழி வந்துது, கூகுள் பேக்க இடது பக்கம் வச்சுது, சாம்சங் பட்டன ஸ்கிரீனுக்கு வெளியவே வச்சு பேக்க வலது பக்கம் போட்டுது. 2018ல ஆண்ட்ராய்டு 9ல ஹோம் பட்டனுக்குப் பதிலா நடுவுல மாத்திரை மாதிரி ஒரு கோடு, அடுத்த வருசமே ஆண்ட்ராய்டு 10ல அதுவும் போயி ரெண்டு ஓரத்துல எதுல இருந்து இழுத்தாலும் பேக். பழைய புல்லட்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல இருக்கும், அத ஓட்டிப் பழகுனவரு வேற பைக்குல ஏறி பிரேக்குண்ணு நெனச்சு கியர மிதிப்பாரு, அந்த கதைதான் இது.

ஆப்பிள் மட்டும் யோக்கியமா? 2007ல இருந்து இருந்த ஹோம் பட்டன 2017ல ஐபோன் எக்ஸ்ல தூக்குனானுவ, கீழ இருந்து இழுத்தா வந்த, வைஃபை, டார்ச் எல்லாம் போடுற கன்ட்ரோல் சென்டர் மேல வலது மூலைக்குப் போயிட்டு. அதே நேரம் வில கொறஞ்ச ஐபோன் எஸ்இ மாடல்ல ஹோம் பட்டன் வருசக்கணக்கா இருந்துது, ஒரே கம்பெனி, ஒரே ஐஓஎஸ், ரெண்டு பழக்கம். பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சா போன் ஆஃப் ஆகும்ணு நாம படிச்சு வச்சிருக்கோம், இப்போ பல போன்ல அமுக்குனா ஒரு அசிஸ்டென்ட் வந்து என்ன வேணும்ணு கேக்குது.

மாத்தமே கூடாதுண்ணு சொல்லல. 2024ல ஆண்ட்ராய்டு வாட்ஸாப்புல மேல இருந்த சாட், கால் எல்லாம் கீழ வந்துது, அது நல்ல மாத்தம்தான், பெருவிரலுக்கு எட்டும், ஐபோன்லயும் முன்னாலேயே அப்படித்தான். ஆனா ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டு "புதுசு"ண்ணு சொன்னா அம்மை என்ன செய்வாவ, மேல தேடிக்கிட்டுதான் இருப்பாவ.

மார்த்தாண்டத்துல மொபைல் கடை வச்சிருக்க என் கூட்டுக்காரன் சொல்லுவான், "டிஸ்பிளே போச்சு"ண்ணு வாறவங்கள்ல நெறைய பேருக்கு போன்ல ஒரு கேடும் இருக்காதாம், அப்டேட்டுல பட்டன் போயிருக்கும், இல்லேண்ணா பேரன் நோண்டி வச்சிருப்பான். ரப்பர் பால் வெட்டுற அண்ணன்மாரு விரல்ல பால் ஒட்டிக் காஞ்சிருக்கும், அந்த விரல வச்சு ஓரத்துல இழுத்தா அரைவாசி நேரம் போன் கேக்காது. கூட்டுக்காரன் செட்டிங்ஸ்ல போயி பழைய மூணு பட்டன திருப்பிப் போட்டுக் குடுத்து அனுப்புவான், காசு வாங்க மாட்டான்.

ஒழுங்கு இருந்தா மட்டும் போன் விக்குமாண்ணு கேட்டா அதுவும் இல்ல. 2010ல வந்த விண்டோஸ் போன்ல எந்த கம்பெனி போனா இருந்தாலும் பேக், ஸ்டார்ட், சர்ச் மூணு பட்டனும் கண்டிப்பா வேணும்ணு மைக்ரோசாப்ட் சட்டம் போட்டுருந்துது. எனக்கு ரொம்ப பிடிச்ச சாதனம், ஆப் இல்லாம செத்துப் போச்சு.

கூகுள் ஒரு நல்லது செஞ்சிருக்கு, பழைய மூணு பட்டன இன்னும் எடுத்துக் களையல. ஊருக்கு வந்து அம்மையப்பனுக்கு புது போன் வாங்கிக் குடுக்கவங்க, பெட்டிய பிரிச்ச அன்னைக்கே செட்டிங்ஸ்ல நேவிகேஷன்ணு தேடி அத போட்டுருங்க. அதே செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிண்ணு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ளயும் ஒருக்க பாருங்க, சில போன்ல ஒரு தட்டு தட்டுனாலே கால் எடுக்க வழி வச்சிருக்கானுவ. பிறவு நீங்களே வேற போன்ல இருந்து விளிச்சு அவிய கையாலயே ரெண்டு மூணு தடவ எடுக்கச் சொல்லுங்க, பிளைட் ஏறுறதுக்கு முன்னால.