பதினான்காம் கேள்வி

நாட்டு மருந்து பற்றிய ஆய்வுப் பயிற்சியில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பார்த்த முதல் 12 பேரில் 11 பேர் பதினான்காம் கேள்விக்கு "இல்லை" என்றார்கள். "மருத்துவர் கொடுத்தது தவிர வேறு மருந்து ஏதும் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்பது கேள்வி. எல்லாருக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்பில் குடியேறியவர்கள். பன்னிரண்டாவது வீட்டுப் பாட்டி "இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் கொதித்ததை இறக்கி வைத்தார். வீடெல்லாம் கசப்பு வாடை. நான் "இல்லை" கட்டத்தில் டிக் போட்டேன்.

சாயங்காலம் தாள்களைப் புரட்டிய என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் என்கூடவே வந்து அதே பாட்டி வீட்டுப் படியில் உட்கார்ந்தார். "காலையில வெறும் வயித்துல என்ன குடிப்பீங்க பாட்டி?" என்று கேட்டார். பாகற்காய்ச் சாறு. அப்புறம் வெந்தயம் ஊறிய தண்ணீர். வாரத்தில் ரெண்டு நாள் நிலவேம்பு. மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா 'ஹெம்பெடு பூமி' என்று பறித்துக் கொடுப்பதும் அதுதான்.

"நேத்து இல்லன்னீங்களே பாட்டி?" என்றேன்.

"நீ மருந்தான்னுல்ல கேட்ட? இது கஷாயம்."

பழைய மைலோ டின்னிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். மெட்ஃபோர்மினோடு கிளிக்லசைடும் இருந்தது. கிளிக்லசைடு சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரை. அதோடு பாகற்காயும் சேர்ந்தால் இன்னும் இறங்கக்கூடும். "பத்து மணி வாக்குல கிறுகிறுன்னு வருது, வயசாச்சுல்ல" என்றார் பாட்டி, தானாகவே. காலையில் குடிப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைக் கிளினிக்கில் காட்டச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆய்வுப் பயிற்சி என்றால் புள்ளியியலும், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிக்குழுவின் படிவமும்தான் என்று நினைத்துச் சேர்ந்தவள் நான். அவையும் உண்டு. அந்த ஒரு கேள்வியை மாற்றுவதற்கே நெறிக்குழுவிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. 2016-இல் வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களைப் பதிவுக்குள் கொண்டுவருகிறது. நல்லதுதான். ஆனால் அடுப்படிக் கஷாயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. யாராவது படியில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

இந்தத் துறைக்கு நான் வந்ததே ஒரு கஷாயத்தால், இல்லை, கீழாநெல்லியால். எனக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை. என் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்து பறித்து அரைத்து, மோரில் கலந்து ஏழு நாள் கொடுத்தார். சரியாகிவிட்டது. நேர்முகத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மேற்பார்வையாளர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாதம் அவர் படிக்கக் கொடுத்தது 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னைக் கட்டுரை. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. நான் துள்ளிக் குதித்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் அவர் கொடுத்தது 1990-இல் அதே இதழில் வந்த தாய்லாந்துக் கட்டுரை. அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகை, ஆனால் கோபம் வந்தது.

"உன் காமாலை எந்த வகை? பாட்டி ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். எனக்கு வந்தது அதுதானா என்று யாரும் அன்று ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் இன்னொன்றும் கேட்டார். "எந்தச் செடி?"

கீழாநெல்லி, வேறென்ன? இலைக்காம்புக்குக் கீழே நெல்லி மாதிரிக் காய். மலாயில் 'டுக்குங் அனாக்', பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது. இரண்டு மொழிக்காரர்களும் அந்தக் காயைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அப்படிக் காய்க்கும் செடி பல. சென்னையில் கொடுத்தது ஃபில்லாந்தஸ் அமாரஸ். காய் வழவழப்பு, சின்னக் காம்பு உண்டு. அதன் இனத்துச் செடிதான் தண்டு சிவந்த ஃபில்லாந்தஸ் யூரினேரியா; அதற்குக் காய் சொரசொரப்பு, காம்பு இருந்தும் இல்லாத மாதிரி.

போன மாதம் இரண்டையும் பிடுங்கி, நாளிதழுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து என் பாட்டியிடம் கொண்டுபோனேன். அவருக்கு 84 வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அமாரஸை ஒதுக்கித் தள்ளினார்.

"இது இல்லடி. செவப்புத் தண்டுதான் உனக்கு அரைச்சுக் கொடுத்தேன்."

குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டேன். "ஒரு வேளைக்கு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டேன்.

"ஒரு கைப்பிடி."

"யார் கை?"

பாட்டி தன் கையை நீட்டினார். சமையலறைத் தராசு தேடி எழுந்தேன்.