உதிர்ந்த புட்டு

அப்பாவின் முதலாண்டுத் திதி ஆடி மாதத்தில் முடிந்திருந்தது. இந்த ஆவணி மூலத்துக்கு, சுவாமி புட்டுக்கு மண் சுமந்த திருநாளுக்கு, மதுரைப் புட்டுத்தோப்புக்குப் போய் வரலாம் என்று அம்மாதான் முதலில் சொன்னார். சென்ற ஆண்டு துக்கத்தினால் போகவில்லை. அதற்கு முன், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், அப்பா ஓர் ஆண்டும் அந்தத் திருநாளைத் தவறவிட்டதில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று, கீழமாசி வீதியில் தம்மோடு மூட்டை சுமப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அன்று காலையிலேயே சுந்தரேசுவரரும் மீனாட்சியம்மனும் கோயிலிலிருந்து புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் திரும்பி வரும் வரை பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். சுவாமியைக் காண வேண்டுமானால் ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்புக்குத்தான் போக வேண்டும். திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வானையோடு அங்கே எழுந்தருளியிருப்பார். மேலூருக்கு அருகேயுள்ள திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்திருப்பார். குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று பாண்டியன் அவரை வைகையின் சுடுமணலில் நிறுத்தியதால்தானே ஆறு பெருகியது, கரை உடைந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

கூட்டம் மிகுந்திருந்ததால் ஆட்டோவைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து அம்மாவுக்குக் கைத்தடி வேண்டும். அவர் விழுந்தபோது அப்பாவுக்கு வயது 80. மருமகள்களைக் கிட்டே விடாமல், மூன்று மாதம் அம்மாவைத் தாமே தூக்கி உட்காரவைத்து, வெந்நீர் விளாவி, தலைவாரிப் பின்னியும் விட்டார். முதல் சில நாள்கள் பின்னல் கோணலாகத்தான் இருந்தது. அம்மா அதை அவிழ்க்கவே இல்லை. அன்று புட்டுத்தோப்புக்கு நடக்கையில் அம்மாவின் இடக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அது அப்பா பிடிக்கும் கை.

அப்பா 15 வயதில் மதுரைக்கு வந்து, 68 வயது வரை மூட்டை சுமந்தவர். பருப்பும் புளியும் அவருக்குச் சுமை அல்ல. மிளகாய் வற்றல் வந்து இறங்கும் நாள்கள்தாம் கொடியவை. அந்த நாள்களில் வீட்டுக்குள் நுழையாமல், தெருக்குழாயடியிலேயே இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, அம்மா கொண்டுவந்து கொடுக்கும் வேறு வேட்டியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எங்களைத் தூக்குவார். பிள்ளைகளின் கண்ணில் காரம் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரிய வந்தபோது, நானே ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தேன். இரவெல்லாம் இருமுவார்; காலை நான்கு மணிக்குச் சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிரம்படியைத்தான் விரித்துச் சொல்கிறார்கள். அப்பா வந்தியைத்தான் சொல்லுவார். வந்தி வயதானவள், பிள்ளை குட்டி இல்லாதவள், புட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள். அவள் பங்குக் கரையை அடைக்க அனுப்புவதற்கு வீட்டில் ஆள் இல்லை. “ஆள் இல்லாத வீட்டுக்குச் சாமி ஆளாப் போச்சுய்யா” என்பார் அப்பா. அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியாது அவருக்கு. ஆனால் எங்கள் தெருவில் கணவனை இழந்தவர்கள் வீடு மாற்றினால், பீரோவைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்குபவர் அவராகத்தான் இருப்பார். 1993ஆம் ஆண்டு பெருவெள்ளம் வந்தபோது, முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் முதியவர்களையும் தகரப் பெட்டிகளையும் சுமந்து கரைசேர்த்துவிட்டு வந்தார். என்ன கொடுத்தார்கள் என்று அம்மா கேட்டதற்கு, “ஒரு வீட்ல கஞ்சி குடுத்தாங்க, குடிச்சேன்” என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி கடன் வாங்கித்தான் உலை வைத்தோம். அம்மா அதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். அப்பாவின் புண்ணியத்தில் பாதி அவருடையது.

மண்டபத்தில் சுவாமி மண் சுமக்கும் கோலத்தில் எழுந்தருளியிருந்தார். பட்டர்கள் திருவிளையாடலை நடத்திக் காட்டினார்கள். வந்தியிடம் புட்டை வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் உறங்கும் கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி பாண்டியன் முதுகிலும், உலகத்து உயிர்கள் அத்தனையின் முதுகிலும் விழுகிறது. பிரம்பு ஓங்கப்பட்டபோது என் கண்முன் வந்தது அப்பாவின் பிடரி. இறுதியாக அவரைக் குளிப்பாட்டியபோதுதான் அதை முதல் முறையாகத் தொட்டேன். வேலையை விட்டு 19 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் காய்ப்பு கரையவில்லை. மரப்பட்டை போல இறுகி, நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் தண்ணீர் சிறிது நேரம் தேங்கி நின்றது. மண் சுமந்த அந்தத் திருமேனியிலும் அப்படி ஒரு தழும்பு இருக்கும் என்றே அன்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அம்மா அழவில்லை. கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவாமியை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “உங்கப்பா நின்னு கும்பிடுற தூண் அதுதான்” என்று காட்டினார். அங்கே வேறொரு முதியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வீடு திரும்பியதும் அம்மா உட்கார்ந்தபடியே மாவு பிசிறி, துணியில் கட்டிப் புட்டு அவித்தார். தேங்காய்த் துருவலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துக் கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். வந்தி தன் கூலியாளுக்குப் பேசிய கூலி உதிர்ந்த புட்டு. அன்று அவள் அவித்ததெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்பது கதை. அதனால் எங்கள் வீட்டிலும் உருக்குலையாத புட்டு பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போகும். தட்டில் உதிர்ந்து கிடப்பதை வழித்து அப்பா சாப்பிடுவார். கூலி அதுதான் என்பார்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அம்மா உதிர்ந்ததையெல்லாம் ஒரு சிறு கிண்ணத்தில் கூட்டி எடுத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால், மடித்து வைத்திருந்த சும்மாட்டுத் துணியின் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.