பிள்ளைகள் குறைவு, தண்ணீர்ச் செலவு அதிகம்

2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள் தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. உடனே எல்லாரும் பிறப்பு விகிதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பினாங்குக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. மலேசியாவில் மிகக் குறைவாகப் பிள்ளை பெறும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. வீட்டுத் தண்ணீரைத் தாராளமாகச் செலவழிப்பதிலும் நாம்தான் முன்வரிசை: ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 லிட்டர்.

குடும்பம் சிறுத்தால் தண்ணீர் மிஞ்சும் என்று நினைக்கக்கூடாது. ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஒரு வாஷிங் மெஷின் ஓடும். அதே ஆறு பேர் மூன்று பிளாட்டுக்குப் பிரிந்து போனால் மூன்று மெஷின், மூன்று வீட்டுத் தரை கழுவல்.

2020 கணக்கெடுப்பில் நாம் 17.4 லட்சம் பேர். தலைக்கு 280 லிட்டர் என்றால் வீடுகளுக்கு மட்டும் தினமும் 48 கோடி லிட்டருக்கு மேல். இதில் பெரும்பகுதி மூடா ஆற்று நீர். கெடாவின் உலு மூடா காட்டில் பெய்யும் மழை ஆறாகி வருகிறது. லாஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரிக்கிறார்கள். தீவிலுள்ள ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் துணைக்குத்தான். அண்டை மாநிலத்துக் காட்டை நம்பி வாழும் ஊர் இப்படிச் செலவழிப்பது நியாயமே இல்லை.

வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிவறைத் தொட்டி. விநாடிக்கு 2 மில்லிலிட்டர் கசிந்தாலே நாளைக்கு 170 லிட்டர் போகும், சத்தமும் கேட்காது. மாதத்துக்கு 5 கன மீட்டர். 2024-இல் கட்டணம் ஏறும்வரை முதல் 20 கன மீட்டருக்கு, கன மீட்டர் 22 சென்தான். அப்போது அந்தக் கசிவின் மாத விலை ஒரு ரிங்கிட் பத்து சென். பில்லைப் பார்த்து யாரும் பிளம்பரைக் கூப்பிடாததற்குக் காரணம் இதுதான்.

கேசரிக்குப் போடும் கலரில் ஒரு சிட்டிகையைத் தொட்டியில் கரைத்து, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. எங்கே என்று பார்க்க, தொட்டி நிறைந்ததும் நீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, சுவரோரக் குழாயை மூடி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால், தொட்டியின் அடியில் நீரை அடைத்து நிற்கும் ரப்பர் போய்விட்டது. குளோரின் பட்டுப் பட்டு அது இறுகிவிடும். கசடு படிந்தும் சரியாக உட்காராது. ரப்பர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள், அளவுகள் பல உண்டு. மட்டம் இறங்காமல், குழாயைத் திறந்ததும் தொட்டியின் நடுவே நிற்கும் வழிகுழாய்க்குள் நீர் வழிந்தால் மிதவை உயரமாக இருக்கிறது. வழியும் வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே நீர் நிற்கும்படி இறக்குங்கள்.

அடுத்தது மீட்டர். இரவு படுக்கும்போது சிவப்பு எண்களையும் குறித்துக்கொண்டு காலையில் ஒப்பிடுங்கள். தரை வீடுகளில் கூரைத் தொட்டி நிறைந்து முடிந்த பிறகே குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பும் நீரைக் கசிவென்று எண்ணிவிடுவோம். தொட்டியுள்ள வீட்டில் சிறு கசிவு மீட்டரில் விட்டு விட்டுத்தான் தெரியும், ஏனென்றால் மட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகே மிதவை வால்வு திறக்கும். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுக் கசிவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஷவரின் வேகத்தைச் சோதிக்க 10 லிட்டர் வாளி போதும். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் வேகம் அதிகம். நீரைக் குறைக்கும் வளையம் போடலாம். ஆனால் இன்ஸ்டன்ட் ஹீட்டர் உள்ள வீட்டில் அளவுக்கு மீறி இறுக்கினால், போதிய நீரோட்டம் இல்லாமல் ஹீட்டர் இயங்காது. ஹீட்டரின் கையேட்டில் குறைந்தபட்ச நீரோட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வளையம் வாங்குங்கள்.