2,400 ரூபாய்க்காக 41 நாட்கள் முடங்கிய என் வங்கிக் கணக்கு

நேற்றுக் காலைதான் என் கணக்கு திறந்தது. 41 நாட்கள்! திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் முந்திரிக் கடையை அதுவரை அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினேன்.

பண்ருட்டி வியாபாரிக்குப் பணம் அனுப்பும்போதுதான் முடக்கியிருப்பதே தெரிந்தது. முன்கூட்டி ஒரு குறுஞ்செய்தி இல்லை, கடிதம் இல்லை. வங்கிக்கு ஓடினால், "சைபர் கிரைம் கேஸ், எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார் ஊழியர். எந்த ஊர் போலீஸ், எவ்வளவு தொகை, எதற்கும் பதில் இல்லை. 1930-க்குப் பேசினேன்; அது பணத்தைப் பறிகொடுத்தவர்கள் புகார் சொல்லும் எண். உள்ளூர்க் காவல் நிலையத்தில், வெளிமாநில வழக்கு என்று அனுப்பிவிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு அலைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வழி பிறந்தது நீதிமன்ற வளாகத்தில், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வழக்கறிஞர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "வங்கியில் எழுதிக் கொடுத்தீர்களா?" இல்லை. வாய்வார்த்தையாகக் கேட்டே ஒன்பது நாட்களைத் தொலைத்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், முதல் நாளே மனுவாகக் கொடுங்கள். புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையத்தின் பெயர், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சந்தேகத்துக்குரிய தொகை ஆகிய நான்கையும் கேளுங்கள். நகலில் முத்திரை விழும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

நானும் அப்படியே மனுக் கொடுத்தேன். வங்கியின் பதில் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. சந்தேகத் தொகை 2,400 ரூபாய். முடக்கி வைத்திருந்ததோ 1,86,000. யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் பல கணக்குகள் தாவி, அதில் கொஞ்சம் என் கடை க்யூஆர் அட்டை வழியாக வந்திருக்கிறது.

பழைய பில் புத்தகங்களைத் தரையில் பரப்பி இரவெல்லாம் தேடினேன். கிடைத்துவிட்டது. 3 கிலோ முழுப்பருப்பு, கிலோ 800. கார்பன் எழுத்து மங்கிப் போயிருந்தாலும் தேதியும் தொகையும் தெளிவாக இருந்தன. கார்பன் நகல்களைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பில், கடை உரிமம், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். இரண்டு முறை பதிலே இல்லை. மூன்றாவது கடிதத்தை வழக்கறிஞரே எழுதினார். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவுப்படி, கைப்பற்றியதை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தீர்களா என்று கேட்டார். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தார். ஆறாம் நாள் வங்கிக்கு உத்தரவு வந்தது: 2,400 மட்டும் நிறுத்திவைப்பு, மீதி விடுவிப்பு.

போலீசுக்கு இந்த அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்துக் கடைக்காரரே மோசடியில் பணம் இழந்தவர். உடனே தடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் 2,400 ரூபாயைத் தேடுகிறவர்கள் 2,400 ரூபாயை நிறுத்தட்டும். நிறுத்தியதை எனக்குச் சொல்லட்டும். ஒரு குற்றமும் செய்யாதவள் தன் பணத்துக்காக 41 நாட்கள் கெஞ்ச வேண்டியிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. "கமிஷன் கொடுங்கள், இரண்டு நாளில் திறந்து தருகிறேன்" என்று இடையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு ரூபாய் கொடுத்துவிடாதீர்கள். க்யூஆர் வசூலுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் நேற்று மாலையே தொடங்கிவிட்டேன்.

அந்த 2,400 இன்னும் வரவில்லை. அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் மனுப் போடலாமாம். திங்கட்கிழமை வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன், பில் புத்தகத்தோடு.